விளக்கு வைக்காத வீடு

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு இருட்டு வீடு என்று பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் அடையாளம் சொல்வார். எண்ணெய்க்கு வழியில்லாத வீடல்ல. சண்டைக்காலத்தில் மண்ணெண்ணெய் கண்ணில் படாமல் போனபோதும், என் தகப்பனார் கோதண்டம் கொல்லையில் ஆமணக்குப் போட்டு, கொட்டையை இடித்துக் காய்ச்சி, மாடத்து விளக்குக்கு வருஷம் முழுவதும் எண்ணெய் வைத்திருந்தார். விளக்கும் இருந்தது, திரியும் இருந்தது. பொழுது சாய்ந்ததும் தெருவில் வீட்டுக்கு வீடு வெளிச்சம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் வராது. காரணம் என் அம்மா வேம்புலியம்மாள்.

விளக்கு வைத்த பிறகு உப்பு, மோர், ஊசி இந்த மூன்றையும் வீட்டை விட்டு வெளியே கொடுக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொடுத்தால் அதோடு லட்சுமியும் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக்காரியே கேட்டாலும் “காலையில வாங்கிக்க” என்றுதான் பதில் வரும். கடைக்காரர்களும் விளக்கு வைத்தபின் உப்பு நிறுக்கமாட்டார்கள். யாரும் இதைக் கேள்வி கேட்டதில்லை. அதனால் யாருக்கும் கஷ்டமும் இருந்ததில்லை, ஆவடியில் பட்டாளத்து வேலை தொடங்கும் வரை.

நாற்பத்து மூன்றில் ஆவடிப் பக்கம் மைல் கணக்கில் கொட்டகைகளும் கிடங்குகளும் எழும்பின. பத்தாவது முடித்துச் சில வருஷம் வேலையில்லாமல் இருந்த நானும் அங்கே ஒரு கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியிலிருந்து ஆணும் பெண்ணுமாக மண் சுமக்கப் போனார்கள். நடவு, களையெடுப்பு என்றால் பொழுதோடு வீடு திரும்பலாம். கன்டிராக்டு வேலையில் அது நடக்காது. விடியுமுன் புறப்பட்டால், திருமுல்லைவாயில் வழியாக நடந்து ஊருக்குள் வரும்போது தெரு முழுக்க விளக்கு எரியும். அதற்கு மேல்தான் அந்தப் பெண்கள் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்ச வேண்டும். உப்பும் மோரும் அப்போது எந்த வீட்டிலும் கிடைக்காது.

முதலில் வந்து கேட்டவள் கன்னியம்மா. உயரமாக, ஒல்லியாக, எதையும் சத்தம் போட்டே பேசுகிறவள். தெருவில் எல்லா வீட்டிலும் இல்லையென்ற பதிலை வாங்கிக்கொண்டு எங்கள் தோட்டத்து வேலியில் இருந்த மூங்கில் படலுக்கு வந்தாள். அம்மாவும் இல்லை என்றுதான் சொன்னாள். கன்னியம்மா ஒன்றும் பேசாமல் போனாளாம். கன்னியம்மா பேசாமல் போனதுதான் அம்மாவுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் அவள் விளக்கு வைக்கவில்லை. படலுக்கு உள்பக்கம் ஒரு மனையைப் போட்டு, மோர்ச்சட்டியையும் உப்பு மரவையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வேலைக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பி, கேட்டவர்கள் வாங்கிக்கொண்டு போனபிறகு எழுந்து, கால் கழுவி, விளக்கை ஏற்றினாள். அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று.

நான் ஒருமுறை அவளிடம், விளக்கையும் வை, மோரையும் கொடு, இதிலெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நிஜமாகவே பதறிப்போனாள். “வெளக்கு வச்சிட்டு மோரு குடுத்தா லட்சுமி கூடவே பூடுவாடா. படிச்சவன் பேசற பேச்சா இது?” என்றாள். அவளைப் பொறுத்தவரை வழக்கத்தை அவள் மீறவே இல்லை. விளக்கு வைத்தால்தானே கொடுக்கக்கூடாது?

இதையும் சொல்லவேண்டும். அந்தப் பெண்கள் படலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. அம்மா கூப்பிட்டதும் இல்லை. வெளியே அவர்கள் சட்டியை ஏந்துவார்கள், உள்ளேயிருந்து இவள் உயரத் தூக்கி ஊற்றுவாள். அந்த வேலியை ஊரில் மற்றவர்கள் வைத்திருந்தது போலத்தான் அவளும் வைத்திருந்தாள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் யாருக்கு என்ன உடம்பு, யார் கர்ப்பம், எந்தப் பிள்ளைக்குப் பல் முளைக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஊற்றும்போதே விசாரித்துவிடுவாள்.

இருட்டு வீட்டில் வாழ நாங்களும் பழகிக்கொண்டோம். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பாடு முடிந்துவிடும். ஏரியில் மீன் பிடிக்கிற நாட்களில் மட்டும் சங்கடம். கெண்டையில் முள் அதிகம். மங்கலில் தின்ன முடியாது. அம்மா முன்கூட்டியே உட்கார்ந்து எங்கள் எல்லோருடைய மீனிலும் முள்ளை எடுத்து வைத்துவிடுவாள், நைனா என்று நாங்கள் கூப்பிடுகிற அப்பாவுடையதிலும். நைனா அதைத் தின்றுகொண்டே அவளைத் திட்டுவார். ஒருமுறை குண்டு விழும் பயத்தில் இருட்டடிப்பு உத்தரவு வந்தபோது, அம்பத்தூரிலிருந்து சைக்கிளில் வந்து பார்வையிட்ட ஆள் எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஊரிலேயே உத்தரவை ஒழுங்காக மதிக்கிற வீடு இதுதான் என்று எல்லோர் காதிலும் விழும்படி பாராட்டிவிட்டுப் போனான். “சர்க்காரே மெச்சிக்கிச்சு. இனிமே இவள புடிக்க முடியாது” என்றார் நைனா.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது, என் தங்கை தாட்சாயிணிக்கு வரன் பார்க்கும் வரை.

அவளுக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. அந்தக் காலத்துக்கு அது அதிகம். பூந்தமல்லியிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. ஜாதகம் பொருந்தி, பேச்சு ஏறக்குறைய முடிந்த நிலையில், மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு வேலையாக எங்கள் ஊருக்கு வந்தவர், வீட்டை வெளியிலிருந்தே ஒரு பார்வை பார்க்கலாமென்று தெருவுக்குள் நுழைந்திருக்கிறார். விளக்கு வைத்த தெருவில் ஒரே ஒரு வீடு இருட்டாகக் கிடந்தது. யாரையும் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். பத்து நாள் கழித்து எண்ணெய் விற்கிறவன் மூலம் எங்களுக்குச் சேதி வந்தது. விளக்கு வைக்காத வீட்டுப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து என்ன விளக்கு வைக்கப்போகிறாள் என்று கேட்டார்களாம்.

நைனா அன்று சாப்பிடவில்லை. அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். தாட்சாயிணி மட்டும் வழக்கம்போல விளக்கைத் துடைத்துத் திரியை நிமிண்டி வைத்தாள். எங்கள் வீட்டில் சாயங்காலம் விளக்கைத் தயார் செய்வது அவள் வேலை. ஏற்றுவதற்குத்தான் அம்மாவின் உத்தரவுக்குக் காத்திருக்கவேண்டும். அம்மா அன்றும் படலுக்குப் போனாள். ஆனால் கன்னியம்மாவிடம் எதையும் விசாரிக்காமல் ஊற்றினாள்.

அடுத்த வரனை நான்தான் கொண்டுவந்தேன். வரதன் என்னோடு ஆவடியில் பிட்டராக இருந்தான். வானகரத்துப் பையன், அதிகம் பேசமாட்டான், வேலையில் சுத்தம். அவன் அம்மா வரலட்சுமியைப் பற்றி எச்சரித்திருந்தான். எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம். பூந்தமல்லிக் கதை அவள் காதுக்கும் போயிருந்தது. வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினாள். அந்த நேரத்தை அவள் ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

நைனா அம்மாவை எதிரில் உட்காரவைத்து, அந்த ஒரு நாள் மட்டும் பொழுது சாய்ந்ததும் விளக்கு வைக்கச் சொன்னார். அதட்டவில்லை, கேட்டுக்கொண்டார். அம்மா சரியென்றாள். மகளின் வாழ்க்கை என்று வந்தபிறகு அவளுக்கு இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் அவள் மனசை ஒன்று அரித்தது. கன்னியம்மாவின் புருஷன் முனியனுக்கு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து காலையில் வெறும் வயிற்றில் குடித்து வந்தான். முந்தின சாயங்காலம் வாங்கிப் போகிற மோர் அதற்குத்தான். நடுவில் ஒரு நாளும் விடக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

முதலில் பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் போனாள். எல்லம்மா எங்களுக்குத் தூரத்து உறவு. இருட்டு வீடு என்று பெயர் வைத்ததே அவள்தான் என்று பேச்சு. அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் எல்லம்மா தன் வீட்டு விளக்கைத் தள்ளி வைத்து மோர் கொடுக்க முடியுமா என்று அம்மா கேட்டாள்.

“ஏங்கா, உன் பொண்ணுக்கு வரனு வர்றதுக்கு என் ஊட்ட இருட்டாக்கணுமா? என் ஊட்லயும் ரெண்டு நிக்குது” என்றாள் எல்லம்மா. நியாயமான பேச்சு. அம்மா திரும்பி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களைத் தெருவில் நிறுத்தி, இன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றாள். எதற்கு என்று தெரிந்ததும் கன்னியம்மா, மேஸ்திரி காலில் விழுந்தாவது பொழுதோடு வந்துவிடுவதாகச் சத்தியம் செய்தாள். காலையிலேயே மோரைக் கையில் கொடுத்துவிடலாம் என்றால் வெயிலில் வேலைக்காட்டில் வைத்திருந்து கொண்டுவந்தால் புளித்துக் கெட்டுவிடும். பகலில் வந்து வாங்கிப்போக அவள் வீட்டில் வேறு ஆளில்லை, முனியனால் எழுந்து நடக்கவும் முடியாது.

பொழுது இறங்கியது. கன்னியம்மா வரவில்லை. ஏரிக்கரைமேல் வில்வண்டி தெரிந்தது.

வரதனும் அவன் அப்பா அம்மாவும் இறங்கி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். வெற்றிலைத் தட்டு வந்தது. வரலட்சுமி கனத்த உடம்பு, கழுத்தில் காசுமாலை. வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவள் கண் மாடத்தில் வந்து நின்றது. வெளியே சூரியன் மறைந்துவிட்டது. எல்லம்மா வீட்டு வெளிச்சம் எங்கள் வாசலில் விழுந்தது. நைனா தொண்டையைக் கனைத்தார். அம்மா கடைசியாக ஒருமுறை தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தோட்டத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். “வெளக்க வையிம்மா” என்றாள் தாட்சாயிணியிடம்.

தாட்சாயிணி பட்டுப்புடவையில் மாடத்தருகே நின்றிருந்தாள். நெருப்புப்பெட்டி கையில் இருந்தது. குச்சியை எடுத்தாள், பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

“கன்னியம்மா இன்னும் வரலியேம்மா” என்றாள்.

நைனா கண்ணை மூடிக்கொண்டார். அம்மா கையைப் பிசைந்தபடி, அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், நீ வை, என்று மெதுவாகச் சொன்னாள். தாட்சாயிணி அசையவில்லை.

வரலட்சுமி கேட்டாள்: “யாரு அது கன்னியம்மா? உங்க ஒறவுக்காரங்களா?”

தாட்சாயிணி தலை நிமிராமல் பதில் சொன்னாள். மண் சுமக்கப் போகிறவள், புருஷனுக்குக் காமாலை, மருந்துக்கு மோர் வேண்டும், விளக்கு வைத்துவிட்டால் கொடுக்க முடியாது. நாலே வாக்கியம். இத்தனை நாளாக நாங்கள் ஊருக்கு விளக்கிச் சொல்லாத விஷயம் அதோடு முடிந்துவிட்டது.

வரலட்சுமி பாயில் சற்று நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். போகிற ஆள் செய்கிற காரியமல்ல அது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருட்டு ஏறிக்கொண்டே வந்தது. எதிரில் இருப்பவர் முகம் மங்கி, கடைசியில் வெறும் உருவமாகிவிட்டது. வெற்றிலையைத் தடவி எடுத்துச் சுண்ணாம்பை எங்கேயோ தடவினோம். வண்டிமாட்டின் மணிச்சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“நல்லா பொண்ணு பாக்க வந்தோம் போ” என்றாள் வரலட்சுமி இருட்டுக்குள்ளிருந்து. “பொண்ணு மூஞ்சியே தெரியல. குரல வச்சிதான் முடிவு பண்ணணும் போலகீது.”

வரதன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒருவழியாகத் தோட்டத்துப் பக்கம் ஓடிவருகிற காலடிச் சத்தமும் கன்னியம்மாவின் குரலும் சேர்ந்து வந்தன. கடைசி நேரத்தில் ஜல்லி லாரி வந்து நின்றுவிட்டதாம், இறக்கிவிட்டுத்தான் போகவேண்டும் என்று மேஸ்திரி பிடித்துவைத்துக்கொண்டானாம். வீடு இருட்டாக இருப்பதைப் பார்த்து அவளுக்கே பகீரென்றது. “இன்னாம்மா, அவங்க வரலியா? இருட்டா கீதே” என்று படலுக்கு வெளியிலிருந்து கத்தினாள்.

“வந்துதான் கீறோம்” என்றாள் வரலட்சுமி, உள்ளேயிருந்து அதே அளவு உரக்க. “நீ மொதல்ல வாங்கிகினு போ. நாங்க பொண்ணு பாக்கணும்.”

அம்மா மோரை ஊற்றினாள். இருட்டில் பாதி கீழே சிந்தியது, மறுபடி ஊற்றினாள். வந்திருந்த மற்றப் பெண்களுக்கு உப்பு போட்டாள். பிறகு உள்ளே வந்து தலையசைத்தாள். தாட்சாயிணி குச்சியைக் கிழித்துத் திரியில் வைத்தாள். வெளிச்சத்தில் முதலில் தெரிந்தது அவள் முகம்தான். அழுதிருந்தாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வரலட்சுமி அவளை நிதானமாகப் பார்த்தாள். பெண் பிடித்திருக்கிறதா என்று யாரும் அவளைக் கேட்கத் துணியவில்லை. அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“எங்க ஊட்ல ஒரே எரும. அது எங்களுக்கே பத்தல. உன் பொண்ணு வந்தா சும்மா இருக்கமாட்டா, ஊருக்கெல்லாம் ஊத்துவா. நகைய கொறச்சிக்க. கறக்கற எரும ஒண்ணு அவகூட வரணும்.”

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டாள்.

எங்களிடம் கறவையில் இருந்ததும் ஒரே எருமைதான். கூட ஒரு கிடேரி இருந்தது. அது கன்று போட இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கல்யாணம் தை மாதத்தில் முடிந்தது. பெண் வில்வண்டியில் முன்னால் போனாள். எருமை பின்னால் மஞ்சளும் குங்குமமும் பூசிக்கொண்டு நடந்து போனது. அம்மா இரண்டுக்கும் சேர்த்து அழுதாள். எதற்கு அதிகம் அழுதாள் என்று நைனா பலநாள் கேலி செய்தார்.

மறுநாள் சாயங்காலம் அம்மா வழக்கம்போல மனையைப் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் உப்பு மரவை மட்டும் இருந்தது. மோர் இல்லையென்று அவள் கன்னியம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தாள். முனியனுக்கு அதற்குள் உடம்பு தேறிவிட்டது. இருந்தாலும் விளக்கை முன்னால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்போது எல்லம்மா தன் வீட்டிலிருந்து வேகமாக வந்தாள். கையில் மூடி போட்ட செம்பு.

“சீக்கிரம் வாங்கிக்கக்கா. என் ஊட்ல வெளக்கு வைக்க நேரமாச்சு” என்றாள்.

அவள் தன் வீட்டை இருட்டாக்கத் தயாராக இல்லை. ஆனால் விளக்கு வைப்பதற்கு முன் மோரை இருட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். அதற்கு எந்த வழக்கமும் குறுக்கே நிற்கவில்லை. சில நாளில் மேலண்டைத் தெருவிலிருந்தும் செம்புகள் வந்தன. கிடேரி கன்று போட்டபிறகும் அது நிற்கவில்லை. எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் லட்சுமியை வீட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அம்மாவை மட்டும் இருட்டில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

நாற்பத்தாறு ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் போய்விட்டாள். சேரியிலிருந்து அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. படலுக்கு வெளியே வயல் வரைக்கும் நின்றார்கள். படலை யாரோ கழற்றி எடுத்துவிட்டிருந்தார்கள். யாரென்று நைனாவும் கேட்கவில்லை.

தாட்சாயிணி கருமாதி வரை எங்களோடு இருந்தாள். கருமாதிக்குச் சம்பந்தி வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்பதால், ஒருநாள் வேலை முடிந்ததும் சைக்கிளில் வானகரம் போனேன். பூந்தமல்லிச் சாலையைவிட்டு அவர்கள் தெருவுக்குள் திரும்பும்போது நன்றாக இருட்டிவிட்டது. வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. வரதன் வீட்டில் வெளிச்சம் இல்லை.

தாட்சாயிணி அங்கே இல்லை. அவள் இருந்தால் விளக்கு ஏன் எரியவில்லை என்று எனக்குத் தெரியும். அவள் இல்லாத வீட்டில் இருட்டு என்றால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வரதா வரதா என்று கூப்பிட்டேன். பதில் பின்பக்கத்திலிருந்து வந்தது.

வேலியோரத்தில் வரலட்சுமி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மோர்ச்சட்டி. எங்கள் எருமை கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. என்ன ஆயிற்று, விளக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“இன்னா அவசரம் உனுக்கு? செங்கல் சூளைக்குப் போன பொண்ணுங்க இன்னும் திரும்பல” என்றாள். பிறகு, நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, “எரும மட்டும் கேட்டா உங்கம்மா இந்த வேலையும் சேத்து அனுப்பிட்டா. நான் வெளக்க ஏத்திட்டேன்னு வையி, உன் தங்கச்சி வந்து மூஞ்ச தூக்கி வச்சிக்குவா. யாரு அவளுக்கு பதில் சொல்றது?” என்றாள்.

கருமாதி விஷயத்தைச் சொன்னேன். வருகிறோம் என்றாள். அம்மாவுக்குக் கடைசியில் நினைவு இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். உட்கார் என்று பக்கத்திலிருந்த கல்லைக் காட்டினாள், உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் கூவம் பக்கமிருந்து பெண்கள் பேசிக்கொண்டே வருகிற சத்தம் கேட்டது. வரலட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியபடி எழுந்து, மோர்ச்சட்டியின் மூடியை எடுத்தாள்.